அம்மா மருந்து, மூவாயிரத்து ஐந்நூறு

மார்ச் 2, ஞாயிறு

'சுருக்குப்பை' செயலிக்காரர்கள் கடையைக் கட்டுகிறார்கள். காலையில் மின்னஞ்சல் வந்தது. மார்ச் 31 மாலை ஆறு மணியோடு சேவை நிறுத்தப்படுமாம், தரவுகள் அழிக்கப்படுமாம், இத்தனை நாள் ஆதரவுக்கு நன்றியாம். ஆறு வருடமாக எங்கள் வீட்டு வரவுசெலவு முழுவதும் அந்தச் செயலியில்தான் இருக்கிறது. வங்கிக் கணக்கோடு இணைத்துவிட்டால் போதும், ஒவ்வொரு செலவையும் அதுவே இழுத்துப் போட்டுக்கொள்ளும். எது எதற்கு என்று பெயர் வைப்பது மட்டும் நம் வேலை.

பெயர் வைப்பதற்கு நான் ஒரு முறை வைத்திருக்கிறேன். ஞாயிறு காலை டிபன் முடிந்ததும் நானும் கோகிலாவும் உட்காருவோம். பெயரில்லாத வரிகளை நான் வாசிப்பேன், அவள் எதற்கென்று சொல்லுவாள், நான் பதிவேன். பெயரில்லாத வரி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது விதி. ஊரில் எத்தனை புருஷன் பெண்டாட்டி இப்படி ஒளிவுமறைவு இல்லாமல் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

விஷயத்தை அவளிடம் சொன்னேன். தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"அப்போ இனி ஞாயித்துக்கிழமை கணக்கு இல்லீங்களா?"

பாவம், முகமே மாறிவிட்டது. "அதெல்லாம் விட்டுருவனா? எல்லாத்தையும் இறக்கி நானே ஒண்ணு செஞ்சுக்கறேன்" என்று தைரியம் சொன்னேன். மறுபடியும் கல்லைத் துடைக்க ஆரம்பித்தாள்.

மார்ச் 3, திங்கள்

செயலியில் இருக்கும் 'பதிவிறக்கு' பொத்தான் கடைசி மூன்று மாதத்தை மட்டும்தான் தருகிறது. மீதி ஐந்தே முக்கால் வருடம் யார் வீட்டுச் சொத்து? உதவி எண்ணில் ஒரு பெண் 'புரிகிறது சார்' என்று ஏழு முறை சொன்னாள். ஒன்றும் புரியவில்லை அவளுக்கு.

சரி, ஸ்கிரிப்ட் என்கிற குட்டி நிரல் ஒன்றை எழுதி எல்லாவற்றையும் இழுத்துவிடலாம். மென்பொருள் சோதிப்பதில் பதினெட்டு வருடம் குப்பை கொட்டியவனுக்கு இது ஒரு வேலையா. கொரோனாவிலிருந்து வீட்டில் இருந்தபடிதான் வேலை. முன் அறையில் மேஜை, அங்கிருந்து பார்த்தால் சமையலறை வாசலும் வெளி வாசலும் ஒருசேரத் தெரியும்.

பதினொன்றுக்கு கோகிலா யோகா பாயைச் சுருட்டிக்கொண்டு பூங்காவுக்குக் கிளம்பினாள். திங்கள் முதல் வெள்ளி வரை, பதினொன்று முதல் ஒன்று வரை. இலவச வகுப்பு என்பதால் நானும் சரி என்றேன். பள்ளிக்கூட வேலையை விட்டபின் அவளுக்கும் ஒரு பொழுது வேண்டுமல்லவா. கணக்கு டீச்சராக இருந்தாள். மகள் ஆதிரை பிளஸ் டூ வந்தபோது நான்தான் விடச் சொன்னேன். இரண்டு சம்பளம் வந்தால் கணக்கும் குழம்புகிறது.

மார்ச் 5, புதன்

காலை 9.12-க்கு ஒரு வரி வந்தது: அம்மா மருந்து, 3,500. ஞாயிறு வரை காத்திருக்காமல் கோகிலா தன் போனிலிருந்தே பெயர் வைத்துவிட்டாள். மாதாமாதம் ஐந்தாம் தேதி இப்படித்தான்.

இதைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். போன வருடம் ஜனவரியில் அவளாகத்தான் கேட்டாள். "அத்தைக்கு மருந்துக்கு மாசமாசம் ஏதாவது அனுப்பலாமுங்க. பாவம், எல்லாம் கொழுந்தனார் ஒருத்தரே பாக்கறாரு." அம்மா கோபியில் தம்பி வீட்டில் இருக்கிறாள். எந்த மருமகள் தானாக வாய் திறந்து இப்படிக் கேட்பாள்? அலுவலகத்தில் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். கொடுத்துவைத்தவன் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மார்ச் 8, சனி

ஸ்கிரிப்ட் ஓடியது, நின்றது. சேவையின் கணினி ஒரு தடவைக்கு நூறு வரி தருகிறது. அடுத்த நூறு, அடுத்த நூறு என்று விடாமல் கேட்டால் நாலாவது கேள்விக்குக் கதவைச் சாத்திக்கொண்டுவிடுகிறது. ஒரு மணி நேரம் வாயே திறப்பதில்லை.

நாள் முழுக்க முட்டி மோதிக் கண்டுபிடித்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் நடுவில் இரண்டு வினாடி சும்மா இருந்தால் போதும், ஒழுங்காகப் பதில் சொல்கிறது. என்ன திமிர் பிடித்த இயந்திரம்.

மார்ச் 9, ஞாயிறு

பெயரில்லாதவை ஆறு வரிகள்.

"ஃபேன்சி ஸ்டோர், நாப்பது ரூபா?"

"ஹேர்பின்னுங்க."

"போன மாசம்தானே வாங்கின?"

"தொலைஞ்சு போச்சுங்க."

"எங்க தொலைஞ்சது?"

"தெரிஞ்சா எடுத்திருப்பேனுங்களே."

பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. எங்கள் வீட்டில் எல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கிறது.

அவளுடைய யோகா பாயை வெயிலில் போட்டிருந்தாள். ஓரமெல்லாம் வெள்ளையாகத் தூசி. பூங்காவைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்று மாநகராட்சிக்கு எழுத வேண்டும்.

மார்ச் 12, புதன்

மொத்தமும் வந்துவிட்டது. நாற்பத்திரண்டு தவணையில் 4,116 வரிகள். சந்தோஷத்தில் நானே காபி போட்டுக் குடித்தேன்.

செயலியில் தெரியாத பத்திகளும் கூடவே வந்திருக்கின்றன. நாங்கள் வைத்த பெயர் ஒரு பத்தியில், வங்கி அனுப்பிய அசல் பெயர் இன்னொன்றில், பெயரை மாற்றியது யார், எப்போது என்பது மூன்றாவதில். ஒரு முறை பெயரை மாற்றினால் பழையது அழிந்துவிடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். கோகிலாவுக்கும் ஆரம்பத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன்: "பாத்து மாத்து, மாத்தினா மாத்தினதுதான்." அழியவே இல்லை. அடியில் அப்படியே இருந்திருக்கிறது.

விளையாட்டாக அசல் பெயர்களைப் பார்த்துக்கொண்டே போனேன். முக்கு டீக்கடையின் அசல் பெயர் ஏதோ எண்டர்பிரைசஸ். சிரிப்பாக வந்தது. அதன்பின் 'அம்மா மருந்து' என்று தேடினேன். பதினைந்து வரிகள்.

பதினைந்திலும் அசல் பெயர் ஒன்றே: ருக்குமணி ஃப்ளோர் மில். மாற்றியவர்: கோகிலவாணி.

மார்ச் 13, வியாழன்

மாவு மில்லில் யாரும் மருந்து விற்பதில்லை.

மாவு அரைக்க மாதம் மூவாயிரத்து ஐந்நூறு என்றால் கல்யாண மண்டபமா நடத்துகிறோம்? மில்காரரின் மகன் மருந்துக்கடை வைத்திருக்கலாம். அப்பா கணக்குக்குப் பணம் போகலாம். இப்படி எட்டு விதமாக யோசித்துவிட்டேன். வரைபடத்தில் பார்த்தேன். எங்கள் வீட்டிலிருந்து நாலாவது தெரு. பூங்கா இருப்பது எதிர்த்திசையில்.

அவளிடம் கேட்கவில்லை. முழுத் தகவலும் கையில் இல்லாமல் கேள்வி கேட்பது என் வழக்கமல்ல. 

மார்ச் 14, வெள்ளி

அவள் கிளம்பியதும் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"மருந்துக்குப் பணம் சரியா வருதாம்மா?"

அந்தப் பக்கம் டிவி ஓடும் சத்தம் குறைந்தது.

"அம்மா?"

"மருந்தெல்லாம் தம்பி வாங்கித் தர்றான் கண்ணு."

"கோகிலா மாசமாசம் அனுப்பறாளே."

"அவ எம்பேரைப் போட்டுக்கறேன்னு கேட்டா. போட்டுக்கன்னேன்."

"எதுக்கு?"

"அதை எதுக்குச் சாமி எங்கிட்டக் கேக்கறே? அவகிட்டயும் கேக்காத. உடு."

பெற்ற தாய். தீபாவளிக்குப் போயிருந்தபோது, 'மருந்துக்கு அனுப்பறமே, போதுமாம்மா' என்று எல்லார் முன்னாலும் பெருமையாகக் கேட்டேன். 'போதும் சாமி' என்று சொல்லிவிட்டு முறுக்கை உடைத்து வாயில் போட்டாள். அந்த முறுக்கு உடைந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

யாருக்குக் கொடுக்கிறாள்? பதினைந்து மாதமாக யாருக்கு?

மார்ச் 16, ஞாயிறு

ஐந்து வரிகள். ஐந்துக்கும் பதில் சொன்னாள். எவ்வளவு சுலபமாகச் சொல்கிறாள் என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னங்க, உடம்பு சரியில்லீங்களா?" என்று நெற்றியில் கை வைத்தாள். கையைத் தட்டிவிட நினைத்தேன். தட்டிவிடவில்லை.

மார்ச் 17, திங்கள்

போய்விட்டு வந்தேன்.

அவள் கிளம்பி அரை மணி கழித்து, ஒரு பையில் இரண்டு கிலோ கோதுமையை அள்ளிக்கொண்டு புறப்பட்டேன். வெறுங்கையோடு போய் நிற்க முடியாதே. ருக்குமணி மாவு மில், கீழே ஒரே அறை, மேலே மாடியில் இன்னொன்று. இயந்திரம் ஓடும்போது தரையே அதிர்கிறது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, புருவமெல்லாம் மாவோடு, ஐம்பது ஐம்பத்தைந்து வயதில் ஒரு அம்மாள் நின்றார். பையை வாங்கிக் கையை உள்ளே விட்டுப் பார்த்தார்.

"கல்லு எடுக்கலீங்களா? காயவும் வெக்கலியாட்ட இருக்குது."

எனக்கு என்ன தெரியும். விழித்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கோகிலா டீச்சர் வூட்டுக்காரருங்களா?"

ஆமாம் என்றேன். இயந்திரத்தை நிறுத்துவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. அந்த இரைச்சலுக்கு மேலே கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"மேல இருக்காங்களா?"

"இருக்குதுங்க."

"கூட யாரு?"

அந்த அம்மாள் முகம் சுருங்கியது. "ஆரு இருப்பா? ஒத்தை ரூமு. டீச்சரம்மா மட்டுந்தானுங்க. மாசம் மூவாயிரத்தைந்நூறு வாடகை, ஒரு மாசம் முன்னப்பின்ன ஆனதில்லை."

"ரெண்டு மணி நேரம் அங்க என்ன பண்றாங்க?"

"ஒண்ணும் பண்ணறதில்லீங்க. பாயை விரிச்சுப் படுத்துக்கும். சில நாள் சன்னல்கிட்ட உக்காந்து கடலை திங்கும். இந்த இரைச்சல்ல எப்படீங்க தூக்கம் வருதுன்னு நானே கேட்டேன். இங்க ஆரும் எதுவும் கேக்கறதில்லீங்களே அக்கான்னு சொல்லுச்சு."

ஓரத்தில் மாடிப்படி. மூன்றாவது படியில் அவளுடைய செருப்பு, ஜோடியாக, ஒழுங்காக. வீட்டில் அதை எப்போதும் உதறிவிட்டுத்தான் வருவாள். நூறு தடவை சொல்லியிருக்கிறேன்.

மேலே போகவில்லை. ஒருவன் இருந்திருந்தால் போயிருப்பேன், சட்டையைப் பிடித்திருப்பேன். யாருமே இல்லாத அறைக்குப் போய் யார் சட்டையைப் பிடிப்பது? திரும்பி நடந்துவிட்டேன். பையை அங்கேயே விட்டுவிட்டது பாதித் தூரம் வந்தபின்தான் உறைத்தது.

ஒரு மணிக்கு வந்தாள். ஒரு கையில் பாய், மறு கையில் என் பை. மாவு இன்னும் சூடாக இருந்தது. மேஜைமேல் வைத்தாள்.

"கல்லெல்லாம் எடுத்துட்டேனுங்க" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனாள்.

மார்ச் 18, செவ்வாய்

 மதியம் அந்த மாவிலேயே சப்பாத்தி.

மார்ச் 19, புதன்

திருச்சி விடுதியில் இருக்கும் ஆதிரையைக் கூப்பிட்டேன். மகள் காதில் போட வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே, 'மாடி ரூம்தானேப்பா' என்றாள்.

"உனக்கும் தெரியுமா?"

"தெரியும்ப்பா. செமஸ்டர் லீவுல நானும் ரெண்டு தடவை போயிருக்கேன்."

"போயி?"

"தூங்கினோம்."

"வீட்ல தூங்கறதுக்கு என்ன? நான் வேண்டாம்னா சொல்றேன்?"

"இல்லப்பா. ஏன் இந்நேரத்துல தூங்கறேன்னு கேப்பீங்க."

உடம்பு சரியில்லையோ என்ற அக்கறையில் கேட்பது குற்றமா? போனை வைத்துவிட்டேன்.

ஆக அம்மாவுக்குத் தெரியும், மகளுக்குத் தெரியும், மாவு மில்காரிக்குத் தெரியும். என் பணத்தில், என் தாயின் பெயரில், என் வீட்டிலிருந்து நாலாவது தெருவில் என்னிடமிருந்து ஒளிந்துகொள்ள ஓர் அறை. எனக்கு மட்டும்தான் தெரியாது. ஏமாந்துவிட்டேன். நாற்பத்தாறு வயதில் சொந்த வீட்டுக்குள் ஏமாந்துபோய் உட்கார்ந்திருக்கிறேன்.

மார்ச் 21, வெள்ளி

வேலையில் மனம் ஒட்டவில்லை. பதினொன்று முதல் ஒன்று வரை நாலாவது தெருவைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 23, ஞாயிறு

டிபன் முடிந்ததும் வழக்கம்போல வந்து உட்கார்ந்தாள். பதினைந்து வரிகளையும் அச்செடுத்து வைத்திருந்தேன். அவள் பக்கம் தள்ளினேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, விடைத்தாள் பார்ப்பதுபோல மேலிருந்து கீழே படித்தாள்.

"பழைய பேரு அழியாதுங்களா?"

"அழியாது."

"அழிஞ்சிரும்னு நீங்கதானே சொன்னீங்க."

"இப்ப அதுவா பேச்சு? பதினஞ்சு மாசம், கோகிலா. எங்கம்மா பேரை வெச்சு."

"அது தப்புத்தானுங்க. வேற எந்தப் பேரு போட்டாலும் எதுக்குன்னு கேட்டிருப்பீங்க. அத்தை பேருன்னா மட்டும்தான் கேக்க மாட்டீங்க."

"நான் உன்னை அடிச்சனா? குடிச்சனா? காசு இல்லேன்னு என்னைக்காவது சொன்னனா?"

"இல்லீங்க."

"ரூம் வேணும்னு நேரா எங்கிட்டக் கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டா என்ன சொல்லியிருப்பீங்க?"

"எதுக்குன்னு கேட்டிருப்பேன்."

"அதாங்க" என்றாள்.

காகிதத்தை நாலாக மடித்து என் பக்கம் வைத்தாள். அழவில்லை, சண்டை போடவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். எழுந்து போய்க் குக்கர் வைத்தாள். இந்த வாரத்து ஏழு வரிகள் பெயரில்லாமல் கிடந்தன. நானே ஊகித்து ஏதோ போட்டுவைத்தேன்.

மார்ச் 24, திங்கள்

பதினொன்றுக்குக் கிளம்பினாள். பாயை எடுக்கவில்லை. இனி எதற்கு என்று விட்டுவிட்டாள் போல.

மூலையில் நின்ற அந்தப் பாயை விரித்துப் பார்த்தேன். நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துப் படுத்த அளவுக்குத் தேய்ந்திருந்தது. சுற்றிலும் மாவு. பூங்காத் தூசி என்று மாநகராட்சிக்கு எழுதியே விட்டேன், பத்தாம் தேதியே. அவர்கள் வேறு 'நடவடிக்கை எடுக்கப்படும்' என்று பதில் போட்டிருக்கிறார்கள்.

மார்ச் 25, செவ்வாய்

அம்மா கூப்பிட்டாள். அவளாகக் கூப்பிடுவது அபூர்வம்.

"அவளை வையாத சாமி."

"உனக்கு நான் மகனா, அவ மகளாம்மா?"

"உங்கப்பன் இருந்தப்ப எனக்கு இப்படி ஒண்ணு தோணாமப் போச்சு" என்றாள். வைத்துவிட்டாள்.

அப்பா நல்ல மனுஷர். ஒவ்வொரு பைசாவுக்கும் கணக்கு வைத்திருந்தவர். எனக்கு இதெல்லாம் அவரிடமிருந்து வந்ததுதான்.

மார்ச் 27, வியாழன்

முடிவெடுத்துச் சொல்லிவிட்டேன். கத்தவில்லை. சாப்பிடும்போது நிதானமாகவே சொன்னேன்.

"முப்பத்தொண்ணாந் தேதிக்குள்ள அந்த ரூமைக் காலி பண்ணிரு. அட்வான்ஸ் குடுத்திருந்தா வாங்கிக்க. நடந்ததை நான் மறந்துடறேன். வீட்ல உனக்கு எந்த ரூம் வேணுமோ எடுத்துக்க, பதினொண்ணுல இருந்து ஒண்ணு வரைக்கும் நான் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன்."

நிமிர்ந்து பார்த்தாள். "வெளிய இருந்து, என்ன பண்ணறேன்னு கேக்காம இருப்பீங்களா?"

"முயற்சி பண்றேன்."

எனக்கு ரசம் ஊற்றினாள். இத்தனை வருடத்தில் நான் சொன்ன எதையும் அவள் தட்டியதில்லை. காலி செய்துவிடுவாள்.

மார்ச் 30, ஞாயிறு

உட்காரலாமா என்று கூப்பிட்டேன். "நீங்களே பாத்துக்கங்க" என்றாள். பார்த்துக்கொண்டேன்.

மார்ச் 31, திங்கள்

பதினொன்றுக்குப் போனாள், ஒன்றுக்கு வரவில்லை. ரூமைக் காலி செய்ய நேரமாகும், இரண்டு சாமானை இறக்கி வைத்து, சாவி கொடுத்து, சொல்லிக்கொண்டு வர வேண்டுமல்லவா என்று இருந்தேன். அலமாரியில் ஒரு தட்டை ஒழித்துக்கூட வைத்தேன், கொண்டுவரும் சாமானுக்கு. நாலரைக்கு வந்தாள். கையில் ஒன்றும் இல்லை.

ஐந்தரைக்குக் கடைசி முறையாக ஸ்கிரிப்டை ஓட்டினேன். ஆறு மணிக்குச் சேவை போய்விடும், அதற்குள் இன்றைய வரவுசெலவையும் சேர்த்துவிட வேண்டும். இந்த மூன்று வாரத்து வரிகளோடு சேர்ந்து மொத்தம் 4,138. கடைசி வரி இன்று மதியம் 3.40.

அசல் பெயர்: ருக்குமணி ஃப்ளோர் மில். தொகை: 42,000.

பன்னிரண்டு மாத வாடகை. மொத்தமாக.

நாங்கள் வைக்கும் பெயருக்கான பத்தி காலியாக இருந்தது. மாற்றியவர் பத்தியும் காலி. அவளுக்குப் பெயர் வைக்கத் தெரியாதா? போனும் செயலியும் அவள் கையில்தான் இருந்தன. 'வாடகை' என்று போட்டிருக்கலாம். மறுபடியும் அம்மா பெயரையே போட்டிருக்கலாம். ஒன்றும் போடாமல் விட்டிருக்கிறாள். ஆறு வருடத்தில் அவள் வேண்டுமென்றே பெயரில்லாமல் விட்ட ஒரே வரி அது. அந்த மில் வரிகளில் அவள் என்னிடம் பொய் சொல்லாத முதல் வரியும் அதுதான் என்று தோன்றியது. அதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது.

பெயரில்லாத வரி இருந்தால் கேட்க வேண்டும் என்பது நான் போட்ட விதி. எழுந்து சமையலறை வாசலுக்குப் போனேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"கேக்கணும்னா கேளுங்க."

கேள்விகள் வரிசையாக வாயில் வந்து நின்றன. எதுக்கு, எத்தனை நாளைக்கு, ராத்திரிகளும் அங்கேதானா, நான் அப்படி என்ன செய்துவிட்டேன். கத்தி நின்றது. காத்திருந்தாள். இரண்டு வினாடி நின்றேன். கேட்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

ஆறு மணிக்குச் செயலி தானாக வெளியேறியது. திரையில் நன்றி என்று ஒரு படம்.

இப்போது ஏழு. சமையலறையில் தட்டு எடுக்கும் சத்தம் கேட்கிறது. ஒரு தட்டா, இரண்டு தட்டா என்று இங்கிருந்து தெரியவில்லை.